வினையடி கடைசியில் நிற்கும் மொழி

ஆசிரியர் அவர்களுக்கு,

கனடாவின் பழங்குடி மொழிகள் பற்றிய பெட்டிச் செய்தியில் 'எளிய பேச்சு' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். பள்ளியில் இலக்கணம் நடத்தி ஓய்வுபெற்ற எனக்கு அது சரியாகப் படவில்லை. அந்த மொழிகளில் ஒன்றான சிப்பெவையனையே பாருங்கள். தமிழ் வினையில் பகுதி முன்னால், விகுதி பின்னால். அங்கே தலைகீழ்: முன்னொட்டுகள் வரிசையாக வந்த பிறகுதான் வினையடி, அதாவது நம் பகுதி. அதுவும் கையாளும் பொருளைப் பார்த்து மாறும்! உருண்டையானதை எடுக்க ஒரு வினையடி, குச்சி போல் நீண்டதற்கு இன்னொன்று, துணிக்கு வேறு, உயிருள்ளதற்கு வேறு. நன்னூல் படித்தவருக்கே தலை சுற்றும். லி ஃபாங்குவெய் என்ற சீன மொழியியலாளர் 1928-இல் கனடாவின் ஃபோர்ட் சிப்பெவையன் ஊரில் கேட்டுக் குறித்த வினையடிகள் பின்னர் தனிப் பட்டியலாகவே அச்சேறின. அப்புறம் எங்கே எளிமை? திருத்தம் ஒன்று போடுங்கள்.

– ஓய்வுபெற்ற தமிழாசிரியர்