செயலாளரின் ஆண்டறிக்கை: பாவாமாரின் தோட்டங்களைப் பார்த்த வருடம்

கௌரவ தலைவர் அவர்களே, போஷகர்களே, அங்கத்தவர்களே, அனைவருக்கும் அஸ்ஸலாமு அலைக்கும்.

சென்ற வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் இந்தப் பொறுப்பை என் தலையில் கட்டும்போது, "பெரிய வேலை ஒன்றுமில்லை, கூட்டக் குறிப்பு எழுதினால் போதும்" என்றீர்கள். நம்பினேன்.

வழக்கமான விடயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். நிர்வாகக் குழு மாதமொருமுறை கூடியது. நோன்பு மாதத்தில் மட்டும் கூடவில்லை. வாசிகசாலைக் கூரை ஒழுகுவது பற்றி உரிய அலுவலகத்துக்கு மூன்று கடிதங்கள் அனுப்பினோம். கடிதம் கிடைத்தது என்ற பதில்கூட வரவில்லை. நாலாவது கடிதம் எழுத உட்கார்ந்த அன்று பெய்த மழையில் பழைய சஞ்சிகைகள் ஒரு அலுமாரி நிறைய நனைந்து போயின. பிறகு நாமே தகரம் வாங்கி அடித்துவிட்டோம். செலவு விவரம் பொருளாளரின் கணக்கறிக்கையில் வரும். இவ்வருடம் மன்றம் இழந்த மூத்த அங்கத்தவர்களுக்காகக் கூட்டத் தொடக்கத்தில் துஆ செய்துவிட்டோம். அவர்களின் குடும்பத்தாருக்கு அனுதாபக் கடிதங்களும் போய்விட்டன.

இனி வருடத்தின் பெரிய வேலைக்கு வருகிறேன். அது தொடங்கியது இப்படித்தான். வாசிகசாலை வாசலில் ஒரு முச்சக்கரவண்டி வந்து நின்றது. உள்ளே வெளிநாட்டுத் தம்பதி. சாரதி தூரத்து ஆள். பிரீஃப் தோட்டத்துக்கு வழி கேட்டார். களவிலப் பக்கம் போகச் சொல்லி நம் பையன் ஒருவன் கையைக் காட்டினான். அந்த அம்மா விடவில்லை. உள்ளே என்ன விசேஷம் என்று அவனிடம் கேட்டார். அவன் என்னைப் பார்த்தான். நான் தலைவரைப் பார்த்தேன். தலைவர் பத்திரிகையைப் பார்த்தார்.

அன்று மாலை கணக்கெடுத்தோம். நிர்வாகக் குழுவில் உள்ள பதினொரு பேரில் பிரீஃபுக்குள் கால் வைத்தவர் ஒரே ஒருவர். அவரும் கரண்ட் வேலைக்குப் போனவர். பெந்தோட்டை ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் லுனுகங்காத் தோட்டத்துக்குப் போனவர் எவருமில்லை. உலகத்தின் எந்த மூலையிலிருந்தோ விமானம் ஏறி வந்து பார்க்கும் இரண்டு தோட்டங்கள் நம் வீட்டுக் கொல்லையில் இருக்க, நமக்குத் தெரிந்தது போகிற வழி மட்டும். இந்த வெட்கத்தில்தான் இரண்டு தோட்டங்களையும் போய்ப் பார்க்கும் நிகழ்ச்சித் திட்டம் பிறந்தது என்பதை ஒளிக்காமல் பதிவு செய்கிறேன்.

முதல் கலந்துரையாடல் 'பிரீஃப்' என்ற பெயரைப் பற்றியே நடந்தது. பிரீஃபை உருவாக்கிய பெவிஸ் பாவா, லுனுகங்காவை உருவாக்கிய ஜெஃப்ரி பாவா சகோதரர்களின் தந்தை பென்ஜமின் பாவா கொழும்பில் பேர்போன சட்டத்தரணி. ஒரு வழக்கில் வென்று கிடைத்த பணத்தில் வாங்கிய றப்பர் காணி என்பதால் அதற்கு 'பிரீஃப்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். சட்டத்தரணிமார் கையேற்கும் வழக்குக் கட்டுக்கு அதுதான் பெயர். நம் இளைஞர் அணி தயாரித்த சுவரொட்டியில், 'பிரீஃப்' என்றால் சுருக்கம் என்று எடுத்துக்கொண்டு, 'சுருக்கத் தோட்டம்' என்று மொழிபெயர்த்துப் போட்டிருந்தார்கள். அச்சுக்குப் போகுமுன் பிடித்துவிட்டோம்.

பென்ஜமினின் தகப்பனார் அஹமது பாவா ஒரு முஸ்லிம் சட்டத்தரணி. அவர் மணந்தது ஆங்கிலேயப் பெண்ணை. பென்ஜமின் மணந்த பேர்தா ஷ்ரேடர் பறங்கியர் குடும்பத்தவர். அஹமது பாவா என்ற பெயரைச் சொன்னதுதான் தாமதம், "அப்படியென்றால் நம்ம ஆள்தானே!" என்று ஒரு ஹாஜியார் எழுந்து நின்றுவிட்டார். கூட்டம் அரை மணி நேரம் அதிலேயே போயிற்று. பெயரில் பாவா இருக்கிறது. அதற்கு மேல் உரிமை கொண்டாட நம்மிடம் ஒன்றுமில்லை என்பது என் அபிப்பிராயம். ஹாஜியார் இதை ஏற்கவில்லை என்பதையும் குறிப்பில் எழுதியிருக்கிறேன்.

மூத்தவர் பெவிஸ் 1909இல் பிறந்தவர். தந்தை 1923இல் காலமானார். 1929இல், இருபது வயதில், பெவிஸ் அந்தக் காணியைத் தோட்டமாக மாற்றத் தொடங்கினார். உலகப் பொருளாதாரம் சரியத் தொடங்கிய வருடம் அது. பின்னாலேயே றப்பர் விலையும் விழுந்தது. 1876இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து கன்றாக வந்து கம்பஹா ஹெனரத்கொடையில் ஊன்றிய மரம், ஐம்பது வருடத்துக்குள் நம் பகுதிக் குன்றுகளையெல்லாம் பிடித்திருந்தது. அதை வெட்டிவிட்டு ஒரு இளைஞன் பூமரமும் மூங்கிலும் நட்டால் ஊர் என்ன சொல்லியிருக்கும் என்று கூட்டத்தில் ஒரு பேச்சு வந்தது. "வேறென்ன, பைத்தியம் என்றுதான்" என்றார் இன்றும் நாலு ஏக்கரில் பால் வெட்டுவிக்கும் நம் உப தலைவர். அதுவும் குறிப்பில் உண்டு.

பெவிஸ் தோட்டக்கலை படித்தவர் அல்லர். இராணுவத்தில் மேஜர், தேசாதிபதிமார் நால்வருக்கு ஏ.டி.சி.யாக, அதாவது கூடவே இருக்கும் இராணுவ உதவியாளராக, இருந்தவர், பத்திரிகையில் கிண்டலாகப் பத்தி எழுதியவர். உயரம் 6 அடி 7 அங்குலம். ஆங்கில நடிகர் லோரன்ஸ் ஒலிவியே, விவியன் லீ போன்றவர்கள் அவருடைய விருந்தாளிகளாக இருந்திருக்கிறார்கள். ஆனால் அறுபது வருடத்துக்கு மேல் அவர் விடாமல் செய்த ஒரே வேலை அந்தத் தோட்டம். தான் உயிரோடிருந்த காலத்திலேயே பொதுமக்களையும் உள்ளே விட ஆரம்பித்தார்.

பிரீஃப் பயணத்துக்கு இரண்டு வேன் பிடித்தோம். இங்கே ஒரு தவறை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆட்கள் எல்லாரையும் ஒரு வேனில் நெருக்கி ஏற்றிவிட்டு, சோற்றுப் பார்சல்களையும் பிளேன்டிப் பிளாஸ்குகளையும் மற்ற வேனில் ஏற்றியது செயலாளரின் யோசனை. மற்ற வேன் ஏற்றத்தில் கிளச் போய் நின்றுவிட்டது. லுஹர் தொழுகை முடிந்து வெகுநேரத்துக்குப் பிறகே சாப்பாடு வந்தது. அதுவரை பசியோடு தோட்டம் பார்த்தோம். அதனாலோ என்னவோ எல்லாரும் கவனமாகப் பார்த்தார்கள்.

முந்தின இரவு மழை. கருங்கல் படிகளில் பாசி பிடித்து, மிதித்தால் கால் வழுக்கிற்று. தலைவர் ஒருமுறை உட்கார்ந்தே விட்டார். படியின் இடுக்குகளில் விரல் நீளப் பன்னங்கள். உள்ளே போகப் போக வெளிச்சம் குறைந்து, மூங்கில் ஒன்றோடொன்று உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது. திடீரென்று ஒரு திருப்பத்தில் வெட்டவெளி, புல்தரை. மறுபடி ஒடுங்கிய பாதை. பூப்பாத்திகளை எதிர்பார்த்துப் போன பெண்கள் பகுதியினர் முதலில் ஏமாந்தார்கள். அங்கே பூவைவிட இலைதான் அதிகம். அவர்களில் ஒரு மூத்த சகோதரி சொன்னார்: "இது தோட்டம் மாதிரி இல்லை, வீட்டுக்குள்ளே அறை அறையாய்ப் போகிற மாதிரி இருக்கு." நான் வாசித்துக்கொண்டு போன எதிலும் இவ்வளவு சரியாக ஒருவரும் சொல்லவில்லை.

1992இல் பெவிஸ் காலமானார். பிள்ளைகள் இல்லை. வீட்டையும் அதைச் சூழ்ந்த ஏறத்தாழ ஐந்து ஏக்கர் தோட்டத்தையும் நம்பிக்கையான ஒருவர் பொறுப்பில் விட்டு, மிச்சக் காணியில் தன் வேலையாட்களுக்குப் பங்கு எழுதிவைத்தார். அந்தப் பக்கமாகப் போகும்போது சாலையோரம் நாம் பார்க்கும் வீடுகளை இனி வேறு கண்ணால் பார்ப்போம் என்று நினைக்கிறேன். நான் பார்க்கிறேன்.

தம்பி ஜெஃப்ரி பத்து வயது இளையவர், 1919இல் பிறந்தார். பெந்தோட்டை ஆற்றுக்கு இந்தப் பக்கம் களுத்துறை மாவட்டத்தில் அண்ணனின் தோட்டம், அந்தப் பக்கம் காலி மாவட்டத்தில் தம்பியின் தோட்டம். தம்பியும் சட்டம் படித்தவர்தான். கேம்பிரிட்ஜ் போய் பாரிஸ்டராகி 1946இல் திரும்பினார். வக்கீல் வேலை பிடிக்கவில்லை. ஊர் ஊராகச் சுற்றினார். இத்தாலியில் ஒரு வீடு வாங்கப் பார்த்து அது சரிவரவில்லை. நாட்டுக்கு வந்து 1948இல் தெத்துவ வாவிக் கரையில் கவனிப்பாரற்றுக் கிடந்த ஒரு றப்பர் தோட்டத்தை வாங்கினார். ஒல்லாந்தர் காலத்துக் கறுவாக் காணி அது. வெள்ளைக்காரர் காலத்தில் றப்பர். அண்ணனின் தோட்டத்தைப் பார்த்துத்தான் தம்பிக்கு ஆசை வந்தது என்று சொல்வார்கள். அண்ணன் தம்பி உள்ள வீட்டில் இது நடக்காத விடயமா?

லுனுகங்கா என்றால் சிங்களத்தில் உப்பாறு. தன் மனதில் உள்ளதை மண்ணில் கொண்டுவரத் தனக்குத் தொழில்நுட்பம் போதாது என்று அந்தத் தோட்டத்தில் நின்றபோதுதான் ஜெஃப்ரிக்குப் புரிந்தது. மறுபடி மாணவனாக லண்டனுக்குப் போய், 1957இல் 38 வயதில் கட்டடக் கலைஞராகத் தேறி வந்தார். நம் அங்கத்தவர் பலரின் வாப்பாமார் வேலை பார்த்த பெந்தோட்டை பீச் ஹோட்டல், ருஹுணுப் பல்கலைக்கழகம், கந்தலம ஹோட்டல், தண்ணீருக்கு நடுவே நிற்கும் கோட்டே பாராளுமன்றம் எல்லாம் பிறகு வந்தவை. 2001இல் ஆகா கான் கட்டடக் கலை விருதின் தலைவர் விருது அவருக்குக் கிடைத்தது. வேலை நடந்த காலம் முழுக்க, ஐம்பது வருடம், வார இறுதியில் லுனுகங்காவுக்கு வந்து ஒரு மரத்தை வெட்டுவதும் ஒரு சுவரை நகர்த்துவதுமாக இருந்தார்.

எங்கள் இரண்டாவது பயணம் லுனுகங்காவுக்கு. அங்கே பார்த்தவற்றில் இரண்டை மட்டும் எழுதுகிறேன். வீட்டுக்கு முன்னால் உள்ள அரலியா மரம். கொப்புகள் தரையை நோக்கித் தாழ்ந்து, பிறகு மேலே எழும்பி, யாரோ நெளித்துவிட்ட மாதிரி நிற்கும். உண்மையிலேயே நெளித்துவிட்டதுதான். இளம் கொப்புகளில் பாரம் கட்டித் தொங்கவிட்டு, வருடக்கணக்கில் வளைத்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அந்த மரத்தை விட்டு வர மனமில்லை. வீட்டுக்கு வந்து ஒருவன் உம்மாவின் கொய்யா மரத்தில் செங்கல்லைக் கட்டி, கொப்பு முறிந்து, அடியும் வாங்கியிருக்கிறான். மன்றம் இதற்குப் பொறுப்பல்ல.

இரண்டாவது கறுவாக் குன்று. வீட்டிலிருந்து தெற்கே பார்த்தால் பச்சைச் சரிவு ஏறிப் போகிறது. உச்சியில் மகிழ மரம், அதன் கீழ் பெரிய சீனத்துச் சாடி ஒன்று. அதற்கும் அப்பால் வாவி, தூரத்தில் ஒரு விகாரையின் வெள்ளைத் தாதுகோபம். கண்ணுக்கு எல்லாம் ஒரே காணி. வழிகாட்டி எங்களைக் கூட்டிக்கொண்டு சரிவில் நடந்தார். பாதி வழியில் ஒரு சின்னப் பாலம். கீழே பார்த்தால் பள்ளத்தில் சுவர்களுக்கு நடுவே ஒரு பாதை. ஊர்ப் பாதை. வீட்டுக்கும் குன்றுக்கும் நடுவே அது ஓடுகிறது என்பது மேலே நிற்கிறவருக்குத் தெரியக்கூடாது என்று பள்ளத்துக்குள் மறைத்துவிட்டார்கள். நாங்கள் பாலத்தில் நின்றபோது கீழே யாரோ சைக்கிளில் போனார். முதலில் மணிச் சத்தம்தான் வந்தது, பிறகு தலை தெரிந்தது. அவர் மேலே பார்க்கவில்லை.

சின்ன வயதில் வாப்பாவின் சைக்கிளின் முன் பாரில் உட்கார்ந்து, வாவியில் மீன் வாங்கப் போகும்போது அந்தப் பாதையால் நானும் போயிருக்கிறேன். இரண்டு பக்கமும் பாசிச் சுவர், மேலே ஒரு பாலம், நிழலாக இருக்கும், குளிராக இருக்கும் என்பதெல்லாம் ஞாபகம் இருக்கிறது. தலைக்கு மேலே என்ன இருக்கிறது என்று வாப்பாவிடம் ஒருநாளும் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை, அவருக்கும் தெரிந்திருக்காது.

ஜெஃப்ரி 1998இல் பக்கவாதத்தில் விழுந்து, 2003இல் காலமானார். அந்தக் கறுவாக் குன்றிலேயே தகனம். 1982இலேயே அவர் அமைத்துவிட்ட அறக்கட்டளை இப்போது தோட்டத்தைப் பராமரித்து, பார்வையாளரையும் தங்குவோரையும் ஏற்கிறது.

இரண்டு பயணத்திலும் ஒரு கேள்விக்கு எங்களுக்குப் பதில் கிடைக்கவில்லை. எந்த நடிகர் எந்தக் கதிரையில் இருந்தார் என்று சொல்கிறார்கள். கருங்கல்லைத் தோளில் தூக்கியவர், வாவிக் கரை மண்ணை வெட்டியவர், கொப்பில் பாரம் கட்டியவர் யார் என்று கேட்டால், "ஊர் ஆட்கள்" என்பதோடு முடிகிறது. அந்த ஊர் ஆட்கள் நாம்தான். சிங்கள வீடுகளிலும் நம் வீடுகளிலும் அவர்களின் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆகவே மன்றம் ஒரு நோட்டுப்புத்தகம் திறந்திருக்கிறது. இரண்டு தோட்டங்களிலும் வேலை செய்தவர்களின் பெயர், ஊர், செய்த வேலை, எந்தக் காலம் என்பதை மாணவர்கள் வீடு வீடாகப் போய் எழுதி வருகிறார்கள். மேசன்மார், தச்சர்மார், களை பிடுங்கிய பெண்கள், சமையல்காரர் என்று இதுவரை இருபத்தேழு பெயர்கள் சேர்ந்துள்ளன. சிலவற்றில் பெயர் மட்டும்தான். இன்னும் சிலவற்றில் அதுவும் பட்டப்பெயர். சிங்களத்தில் சொன்னவற்றைச் சிங்களத்திலேயே எழுதும்படி சொல்லியிருக்கிறேன். நிர்வாகக் குழுவில் இதற்கு ஒரு எதிர்ப்பு வந்தது. நம் மன்றத்தின் நோட்டு தமிழில் இருக்க வேண்டாமா என்று. சொன்னவரின் வாய்ச்சொல் மாறக்கூடாது என்பது என் நிலைப்பாடு. இன்றைய சபை தீர்மானித்துத் தரட்டும்.

வரும் வருடத்துக்கு நிர்வாகக் குழு முன்வைப்பவை: மாணவர்களை இன்னொரு முறை லுனுகங்காவுக்கு அழைத்துப் போவது, இம்முறை ஒரே பஸ்ஸில், நுழைவுக் கட்டணம் குடும்பத்தோடு போகிறவர்களுக்குப் பாரமாக இருப்பதால் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு நாள் சலுகை கேட்டு இரு தோட்டத்தாருக்கும் கடிதம் எழுதுவது. இந்தக் கடிதத்துக்காவது பதில் வரும் என்று நம்புகிறேன்.

பயணத்துக்கு உதவிய அனைவருக்கும், ஒவ்வொரு படியிலும் மூத்தவர்களின் கையைப் பிடித்து இறக்கிய இளைஞர் அணிக்கும் நன்றி. சந்தா பாக்கி உள்ளவர்களின் பட்டியலைப் பொருளாளர் கதவில் ஒட்டியிருக்கிறார். நோட்டுப்புத்தகம் வாசிகசாலை மேசையில், இடது பக்க லாச்சியில் இருக்கிறது. கூட்டம் முடிந்து போகும்போது உங்கள் வீட்டுப் பெயர் ஏதும் இருந்தால் எழுதிவிட்டுப் போங்கள். பேனை நூலில் கட்டியிருக்கிறது, எடுத்துக்கொண்டு போய்விட வேண்டாம்.

இவ்வறிக்கையைச் சபையின் அங்கீகாரத்துக்குச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்