கௌஸ் கண்ணாடித் தட்டுகள்: மகளுக்கு

அன்பு மகள் தமிழரசிக்கு,

இங்கிலாந்தின் வைட் தீவில் உள்ள கௌஸ் துறையில் பாய்மரப் படகுகளைப் படமெடுத்த பழைய கண்ணாடித் தட்டுகளுக்கு (நெகட்டிவ்களுக்கு) பட்டியல் போடும் பொறுப்பு உன்னிடம் வந்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம். ஒன்று மட்டும் சொல்கிறேன்: தட்டின் உறையில் எழுதியிருப்பதை எடுத்த எடுப்பில் நம்பாதே. படகின் பாயைப் பார். என்ன படகு, எந்தக் காலம், எவ்வளவு காற்று, எல்லாம் பாயிலேயே இருக்கிறது.

முதலில் பாய்மரத்தை எண்ணு. ஒரே பாய்மரமும் முன்னால் இரண்டு மூன்று முக்கோணப் பாய்களும் இருந்தால் கட்டர். பின்னால், சுக்கான் தண்டுக்கும் அப்பால் ஒரு குட்டி மரம் நின்றால் யால். அதே மரம் சுக்கானுக்கு முன்னால் நின்றால் கெட்ச். இரண்டு மரங்களில் பின்மரம் சமமாகவோ உயரமாகவோ இருந்தால் ஸ்கூனர். ஜெர்மன் பேரரசர் வில்ஹெல்ம் தன் படகுகள் பலவற்றுக்கும் மீட்டியோர் என்றே பெயர் வைத்தார். 1902-இல் நியூயார்க்கில் கட்டியது ஸ்கூனர். ஆகவே வெறும் பெயரை வைத்து ஆண்டு போட்டுவிடாதே.

அடுத்தது பெரிய பாய். முதல் உலகப் போர் வரை பெரிய பந்தயப் படகுகளில் இது நான்கு மூலைப் பாய். மேல்விளிம்பைத் தாங்கும் சாய்ந்த கட்டைக்கு காஃப் என்று பெயர். அதை ஏற்ற இரண்டு ஆஞ்சான் கயிறுகள்: மரத்தை ஒட்டிய முனைக்கு ஒன்று, வெளிமுனைக்கு ஒன்று. வெளிமுனைக் கயிறு தளர்ந்திருந்தால், மரத்தை ஒட்டிய மேல்மூலையிலிருந்து பின்பக்கக் கீழ்மூலைக்குக் குறுக்கே சுருக்கம் ஓடும். அளவுக்கு மேல் இழுத்திருந்தால் வெளிமுனையிலிருந்து மரத்தடிக்கு ஓடும். நல்ல மாலுமிகள் கரையில் இந்த இரண்டாவது சுருக்கம் லேசாக விழும்படிதான் ஏற்றுவார்கள். காற்று நிறைந்ததும் அது மறைந்துவிடும். காஃபுக்கு மேலே உச்சிப்பாய் விரிந்திருந்தால் காற்று மெல்லியது. அதை இறக்கிவிட்டு, பெரிய பாயின் அடியையும் மடித்துக் கட்டியிருந்தால் கடுங்காற்று. ஒரே நாளில் எடுத்த தட்டுகளைச் சேர்க்க இது நல்ல துப்பு.

பெரிய படகுகளில் முக்கோணப் பெரிய பாய் வந்தது 1920-களின் தொடக்கத்தில், நிரியா என்ற படகில். பிரிட்டிஷ் மன்னர் குடும்பத்தின் பந்தயப் படகு பிரிட்டானியா 1893-இல் கிளாஸ்கோவின் பார்ட்டிக்கில் கட்டியது, வாட்சன் வரைந்த கட்டர். நீளம் சுமார் 37 மீட்டர், பாய் ஏறத்தாழ 10,000 சதுர அடி. அதற்கு முக்கோணப் பாய் 1931-இல்தான் வந்தது. 1936 ஜூலையில் வைட் தீவின் தெற்கே கடலில் மூழ்கடித்துவிட்டார்கள். எனவே முக்கோணப் பாயோடு பிரிட்டானியா தெரிந்தால் ஐந்தாறு ஆண்டுக்குள் காலம் அகப்பட்டுவிடும்.

"23 மீட்டர்" என்று உறையில் இருந்தால் அதை நீளம் என்று பதிந்துவிடாதே. 1907 முதல் நடைமுறைக்கு வந்த பந்தயப் படகுகளுக்கான சர்வதேச விதிப்படி நீர்க்கோட்டு நீளம், அகலம், பாய்ப்பரப்பின் வர்க்கமூலம் எல்லாம் சேர்த்துக் கணக்கிட்ட எண் அது. ஒயிட் ஹெதர், ஷாம்ராக் இரண்டும் இந்த வகுப்புதான். உண்மை நீளம் அதைவிட அதிகம்.

நிறத்தில் கவனம் தேவை. அந்தக் காலத் தட்டுகளுக்குச் சிவப்பு தெரியாது, நீலம் வெளுத்துவிடும். அதனால் அச்சில் சிவப்பு கறுப்பாகவும் வானம் வெள்ளையாகவும் விழும். கறுத்த உடல் தெரிந்தாலே பிரிட்டானியா என்று எழுதக் கூடாது. பந்தயத்தில் ஓடும் படகு தேசியக் கொடியை இறக்கிவிட்டு, மரத்தின் உச்சியில் உரிமையாளரின் சதுரக் கொடியை மட்டும் பறக்கவிடும். பின்னால் பெரிய கொடி பறந்தால் அது பந்தயத்தில் இல்லை.

தட்டைத் திருப்பிப் போட்டு அச்செடுத்த படங்களும் வரும். பளபளக்கும் கண்ணாடிப் பக்கம் உன்னை நோக்கியிருந்தால் படம் நேராகத் தெரியும். மங்கலான மருந்துப் பக்கம் இருந்தால் இடவலம் மாறும். கடலிலிருந்து கரையைப் பார்த்து எடுத்த தட்டில் ராயல் யாட் ஸ்குவாட்ரன் என்ற படகுச் சங்கத்தின் கோட்டை வலப்புறமும் மெதினா ஆற்றின் வாய் இடப்புறமும் இருக்க வேண்டும்.

1915 முதல் 1918 வரை கௌஸ் வாரம் என்ற ஆண்டுப் படகுப் பந்தயம் நடக்கவில்லை. அந்த ஆண்டுகளைப் போட்ட பந்தய உறை எதுவானாலும் தனியே எடுத்து வை. பழைய எழுத்து தவறென்று தெரிந்தாலும் அழிக்காமல், உன் முடிவையும் அதற்கான காரணத்தையும் கீழே பென்சிலால் எழுது. சந்தேகமான உச்சிப்பாய் ஏதும் வந்தால் படமெடுத்து அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா