மாவுக்கட்டுக்குக் கைதட்டினால் தப்பிப்பது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோவை குண்டுவெடிப்பின் நினைவு நாளான பிப்ரவரி 14 நெருங்கினாலே கொங்கு வட்டாரத்தில் ஒரு பேச்சு கிளம்பும். "குண்டு வெச்சவனுக்கு எதுக்குங்க விசாரணை, வக்கீலு? செயில்ல சோறு போட்டு வளக்கறதுக்கா?" எந்தப் பேக்கரியில் டீக்கு நின்றாலும் இதைக் கேட்கலாம். "நாலு மிதி மிதிச்சா உண்மை தன்னால வருமுங்க" என்பார் பக்கத்தில் நிற்பவர். கையிலும் காலிலும் மாவுக்கட்டோடு ஒரு கைதியின் படம் போனில் வந்தால், "பாத்ரூமில் வழுக்கி விழுந்துட்டாராம்" என்று சிரித்துக்கொண்டே நாலு பேருக்கு அனுப்புகிறோம். 1998-இல் 58 உயிர்களைப் பறிகொடுத்த கோவைக்கு இந்தக் கோபம் இருக்கத்தான் செய்யும். ஆனால் குற்றவியல் வழக்கு நடத்தும் எங்களைக் கேட்டால், அந்த மாவுக்கட்டு எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அரசே செலவழித்துச் செய்துகொடுக்கும் சாட்சியம்.

பொதுமக்களின் மனம் இதில் எப்படி இருக்கிறது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. 2008-இல் 19 நாடுகளில் ஒரு கருத்துக்கணிப்பு நடந்தது. அப்பாவிகளின் உயிரைக் காக்க உதவுமானால் பயங்கரவாதிகளை ஓரளவு சித்திரவதை செய்ய அரசை அனுமதிக்கலாமா என்பது கேள்வி. 14 நாடுகளில் கூடாது என்றவர்களே அதிகம். செய்யலாம் என்ற பக்கம் சாய்ந்தவை நான்கே நாடுகள். அவற்றில் முதலிடம் நமக்கு, 59 விழுக்காடு. மும்பைத் தாக்குதல் நடப்பதற்குச் சில மாதங்கள் முன்பே வந்த முடிவு இது. கேள்வியிலேயே ஒரு பித்தலாட்டம் இருப்பதைக் கவனியுங்கள். பிடிபட்டவன் பயங்கரவாதிதான் என்றும், அவனுக்கு விஷயம் தெரியும் என்றும், அடித்தால் சொல்லிவிடுவான் என்றும் மூன்றையும் கேள்வியே முடிவு செய்துவிடுகிறது. காவல் நிலையத்துக்குள் ஒருவரைக் கொண்டுவரும் நேரத்தில் இந்த மூன்றில் ஒன்றுகூட யாருக்கும் உறுதியாகத் தெரியாது.

கோவை வழக்கையே எடுத்துக்கொள்வோம். போலீஸிடம் கொடுத்த வாக்குமூலத்தையே சாட்சியமாக ஏற்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான தடா 1995 மே மாதம் காலாவதியானது. அதே வகைச் சட்டமான பொடா வந்தது 2002-இல். யுஏபிஏ எனும் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தில் பயங்கரவாதக் குற்றங்கள் சேர்ந்தது 2004-இல். ஆக, 1998 குண்டுவெடிப்பு வழக்கு நடந்தது சாதாரண இந்திய தண்டனைச் சட்டம், வெடிபொருள் சட்டம், பழைய சாட்சியச் சட்டம் ஆகியவற்றின் கீழ்தான். போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலத்தை வைத்து ஒருவரையும் தண்டிக்க அதில் வழியே கிடையாது. சுமார் 1,300 சாட்சிகளைக் கூண்டேற்றினார்கள். 2007-இல் தனி நீதிமன்றம் நூற்றைம்பது பேருக்கு மேல் குற்றவாளிகள் என்றது. ஒன்பது ஆண்டுக்கு மேல் சிறையில் கிடந்த கேரள அரசியல்வாதி மதானி உள்ளிட்ட எட்டுப் பேரை விடுவித்தது. 2009-இல் உயர் நீதிமன்றம் மேலும் சிலரை விடுவித்து, பலரது ஆயுள் தண்டனையை உறுதிசெய்தது. ஒன்பது ஆண்டு தாமதம் அநியாயம்தான், அதை மறைக்க முடியாது. ஆனால் தண்டனை நின்றது.

மும்பை ரயில் குண்டுவெடிப்பு வழக்கின் கதை வேறு. 2006 ஜூலை 11-இல் 180-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். போலீஸ் உயர் அதிகாரி எழுதும் வாக்குமூலமே சாட்சியமாகும் என்று சொல்லும் மகாராஷ்டிரத்தின் தனிச் சட்டம் அங்கே கையில் இருந்தது. 2015-இல் ஐந்து பேருக்குத் தூக்கு, ஏழு பேருக்கு ஆயுள். 2025 ஜூலை 21-இல் மும்பை உயர் நீதிமன்றம் 12 பேரையும் விடுவித்தது. வெவ்வேறு ஆட்களின் வாக்குமூலங்களில் பத்திகள் ஒன்றுபோல இருந்ததையும் சித்திரவதைப் புகார்களையும் தீர்ப்பு எடுத்துச் சொன்னது. இந்தத் தீர்ப்பை மற்ற வழக்குகளில் முன்னுதாரணமாகக் காட்டக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்திருக்கிறது. ஆனால் வெளியே வந்தவர்களைத் திரும்பச் சிறைக்கு அனுப்பவில்லை. 19 ஆண்டுகள் கழித்து, குண்டு வைத்தது யார் என்ற கேள்விக்குச் செத்தவர்களின் குடும்பத்திடம் சொல்ல எந்த உயர் நீதிமன்றத் தீர்ப்பும் இல்லை. குஜராத்தின் அக்ஷர்தாம் கோயில் தாக்குதல் வழக்கிலும் இதே கதிதான். பொடா வாக்குமூலங்களை நம்பித் தூக்குவரை போனவர்கள் உட்பட ஆறு பேரையும் 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் விடுவித்தது.

அடி எப்படி வழக்கைக் கெடுக்கிறது? 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 23-ஆம் பிரிவைப் பாருங்கள். போலீஸ் அதிகாரியிடம் சொன்ன ஒப்புதல் செல்லாது. போலீஸ் காவலில் இருக்கும்போது சொன்னதும், மாஜிஸ்திரேட் நேரில் இருந்தால் ஒழிய, செல்லாது. ஒரே ஒரு சந்து உண்டு. சொன்ன தகவலால் ஒரு பொருள் புதிதாகக் கண்டெடுக்கப்பட்டால், அந்தத் தகவலில் பொருளைச் சுட்டும் பகுதி மட்டும் ஏறும். எல்லா அடியும் இந்தச் சந்துக்குள் நுழையத்தான். பிறகு நடப்பது இது. ஆளைச் செவ்வாய்க்கிழமை ராத்திரி வீட்டிலிருந்து கூட்டிப்போவார்கள். கைதுக் குறிப்பில் "வெள்ளி அதிகாலை 5 மணி, பஸ் ஸ்டாண்டில் சந்தேகத்துக்கிடமாக நின்றவர்" என்று எழுதுவார்கள். நடுவில் இரண்டு நாள் காணாமல் போகிறது. செல்போன் டவர் பதிவும் தெருக்கோடிக் கடையின் கேமராவும் அந்த இரண்டு நாளைக் காட்டிக்கொடுக்கும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்ற அரசியல் சட்டத்தின் 22-ஆவது பிரிவு அங்கேயே முறிகிறது.

அடுத்து உடம்பு பேசும். கன்றிய காயம் முதலில் சிவக்கும், பிறகு நீலம், கருநீலம். ஐந்தாறு நாளில் பச்சை தட்டும், ஒரு வாரம் கழிந்தால் மஞ்சள். வெள்ளிக்கிழமை கைதானவரின் முதுகில் சனிக்கிழமை பச்சைத் தழும்பு இருந்தால், காயம் கைதுக்கு முந்தையது என்று அரசு மருத்துவரே ஒப்புக்கொள்ள வேண்டிவரும். ஒரே வழுக்கலில் வலது கையும் இடது காலும் முறிந்தது எப்படி என்ற கேள்விக்கு எந்த இன்ஸ்பெக்டரும் கூண்டில் நின்று நல்ல பதில் சொன்னதாக நாங்கள் கேள்விப்படவில்லை. பொருளைக் கண்டெடுத்ததற்குச் சாட்சியாக எழுதும் மகஜரில் கையெழுத்திட்ட வி.ஏ.ஓ. அல்லது தலையாரி, "ஸ்டேஷனில் வைத்துத்தான் கையெழுத்து வாங்கினார்கள்" என்று பிறழ்ந்தால் கடைசிச் சாட்சியமும் போச்சு.

ஒப்புதல் உண்மையிலேயே வேண்டுமென்றால் அதற்கு முறை இருக்கிறது, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இன் 183-ஆம் பிரிவு. மாஜிஸ்திரேட் அறையில் போலீஸ் இருக்கக்கூடாது. நீ சொல்லியே ஆகவேண்டியதில்லை, சொன்னால் உனக்கு எதிராகவே பயன்படும் என்று அவர் எச்சரிக்க வேண்டும். யோசிக்க அவகாசம் தர வேண்டும், வழக்கமாக 24 மணி நேரமாவது. சொல்ல விருப்பமில்லை என்று மறுத்தால் அதற்காகவே திரும்ப போலீஸ் காவலுக்கு அனுப்பக்கூடாது. வக்கீல் உடனிருக்க, ஒலி-ஒளிப் பதிவும் செய்யலாம். இப்படி வாங்கிய வாக்குமூலத்தைப் பிற்பாடு மறுத்தாலும் உடைப்பது சிரமம். நேரமில்லை என்று புலனாய்வு அதிகாரிகள் சொல்ல முடியாது. யுஏபிஏ-வில் போலீஸ் காவல் 30 நாள், குற்றப்பத்திரிகைக்கு 180 நாள் வரை, ஜாமீனுக்குக் கதவே மூடியது போலத்தான். இதற்கு மேலும் தடி எதற்கு?

போலீஸ் கையால் எழுதும் வாக்குமூலத்தில் என்ன போகும் என்பதற்கு நம் தமிழ்நாட்டிலேயே உதாரணம் உண்டு. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் பேரறிவாளன் வாங்கிக்கொடுத்ததாகச் சொன்ன இரண்டு 9 வோல்ட் பேட்டரிகள். எதற்கென்று தெரியாது என்று அவர் சொன்ன வரியைத் தான் எழுதாமல் விட்டதாக, வாக்குமூலத்தைப் பதிந்த சி.பி.ஐ. அதிகாரியே 2013-இல் சொன்னார். 1998-இல் அந்த வழக்கில் 26 பேருக்குத் தூக்கு. மறு ஆண்டே உச்ச நீதிமன்றம் 19 பேரை வெளியே விட்டது. பேரறிவாளன் வெளியே வந்தது 2022-இல். பொடாவை நாடாளுமன்றத்தில் ஆதரித்த வைகோவே அதே 2002-இல் அதே சட்டத்தில் வேலூர் சிறைக்குப் போனதையும் நினைவில் வைக்கலாம்.

கோவைக்காரர்களை விடுங்கள், சத்தியமங்கலம், அந்தியூர் மலைக்காரர்களைக் கேளுங்கள். வீரப்பனைத் தேடிய இரு மாநில அதிரடிப்படை மாதேஸ்வரன் மலையில் நடத்திய முகாமுக்கு 'ஒர்க்‌ஷாப்' என்று பெயர். கரண்ட் ஷாக் உட்பட நடந்தவற்றை விசாரிக்க 1999-இல் மனித உரிமை ஆணையம் நீதிபதி சதாசிவா குழுவை அமைத்தது. 2007-இல் 89 பேருக்கு 2 கோடியே 80 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. தடாவில் அடைபட்டவர்களில் பெரும்பாலோர் எட்டாண்டு போல உள்ளே கிடந்து 2001-இல் மைசூரில் விடுதலையானார்கள். இத்தனைக்குப் பிறகும் வீரப்பன் கிடைத்தது அடியாலா? 2004 அக்டோபரில் அதிரடிப்படை தந்த கணக்கின்படியே, கும்பலுக்குள் ஆள் அனுப்பி, கண் சிகிச்சை என்று ஆம்புலன்ஸில் ஏற்றித்தான் வெளியே கொண்டுவந்தார்கள்.

வக்கீல் வைக்கும் உரிமையைப் பற்றியும் ஒரு வார்த்தை. குற்றம் சாட்டப்பட்டவருக்காக யாரும் ஆஜராகக்கூடாது என்று வழக்கறிஞர் சங்கங்கள் போடும் தீர்மானங்கள் செல்லாது என உச்ச நீதிமன்றம் 2010 டிசம்பரில் சொன்னது. அந்தத் தீர்ப்பு பிறந்தது கோவையின் வேறொரு வழக்கிலிருந்துதான். அங்கே வக்கீல் கிடைக்காமல் நின்றவர்கள் போலீஸ்காரர்கள்! எங்கள் தொழிலுக்கு வெட்கக்கேடான தீர்மானம் அது, ஒப்புக்கொள்கிறோம். மும்பைத் தாக்குதலில் பிடிபட்ட அஜ்மல் கசாபுக்கும் வக்கீல் கொடுத்து, மூன்று நீதிமன்றங்களில் நடத்தித்தான் தண்டனை கொடுத்தோம். அதனால்தான் அந்தத் தீர்ப்பை உலகில் யாராலும் குறை சொல்ல முடியவில்லை. அமெரிக்காவோ 2003 மார்ச்சில் 9/11 தாக்குதல் வழக்கில் சிக்கிய ஒரே ஆளை 183 முறை நீரில் மூச்சுத்திணற வைத்தது. அந்த வழக்கின் விசாரணையை இருபது ஆண்டு தாண்டியும் குவாண்டனாமோவில் அவர்களால் நடத்தி முடிக்க முடியவில்லை.

ஆர்வமுள்ள வாசகர்களுக்கு ஒரு வேலை. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் எல்லாக் காவல் நிலையங்களிலும் ஒலியோடு பதியும் கேமரா, 18 மாதம் பதிவு காக்கும் வசதி வேண்டும் என்றது. வாசல், லாக்கப், தாழ்வாரம், இன்ஸ்பெக்டர் அறை எதுவும் விடுபடக்கூடாது. அதே ஆண்டு சாத்தான்குளத்தில் அன்றாடம் தானாக அழியும்படி பதிவுக் கருவி வைக்கப்பட்டிருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். வெள்ளைத்தாளில் 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்பு ஒட்டி, உங்கள் மாவட்ட எஸ்.பி. அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு மூன்று கேள்வி எழுதுங்கள்: மாவட்டத்தில் எத்தனை நிலையம், இன்று ஓடும் கேமரா எத்தனை, பதிவு எத்தனை நாள் நிற்கிறது. பதிலுக்கு 30 நாள் கெடு. வந்த பதிலை இந்தப் பகுதிக்கே அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
குற்றவியல் வழக்கறிஞர்கள் சிலர்,
கோபிசெட்டிபாளையம்