பல்லாவரத்துக் கல்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார மாணவர் இணைப்பிதழில், "பல்லாவரம் குன்றுகள் எரிமலைக் குழம்பு இறுகிய கிரானைட், பாறை என்றும் மாறாது" என்ற வரியைப் படித்தது முதல் என் மனம் ஆறவில்லை. அக்குன்றுகளின் அடிவாரத்தில் வளர்ந்து, 27 ஆண்டுகள் அரசுப் பள்ளியில் புவியியல் கற்பித்தவன் நான்.

என் தந்தையார் அங்கே கல்லுடைத்தவர். வெயிலும் மழையும் பட்டுச் செம்பழுப்பேறிய கல்லை அவர் சம்மட்டியால் பிளந்தால், உள்ளே எண்ணெய் தடவியது போன்ற மினுமினுப்போடு கரும்பச்சை நிறமும், நீலம் பாய்ந்த குவார்ட்ஸ் மணிகளும் தெரியும். அது சார்னோகைட். கல்கத்தாவில், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்குச் சென்னையிலிருந்து போன கல்லை ஆராய்ந்து, நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் 1893-இல் இட்ட பெயர் அது என்பது தாங்கள் அறியாததன்று. அவரும் அதைக் குழம்பு இறுகிய தீப்பாறை என்றே கருதினார். ஆயினும் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமிக்கு அடியில் 20 கிலோமீட்டருக்கும் கீழே, 700 டிகிரி செல்சியஸைத் தாண்டிய வெப்பத்திலும் அழுத்தத்திலும், உருகாமலே கனிமங்கள் மாறிப் புதிதாய்ப் படிகமான உருமாறிய பாறை அது என்பதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின.

இந்த மாற்றம் பாதியில் நின்றுபோன இடமும் உண்டு. கர்நாடகத்தின் கப்பல்துர்காவில் நிலவியலாளர் பிச்சமுத்து அவர்கள் கண்டு 1960-இல் எழுதிய கல் அது. மாணவர்களோடு அங்கே போயிருந்தபோது, வரிவரியாக இருக்கும் சாம்பல் நிற நைஸ் என்னும் உருமாறிய பாறையின் வரி ஒன்றை விரலால் தொடர்ந்துகொண்டே போனேன். கரும்பச்சைத் திட்டு ஒன்றை எட்டியதும் வரி மங்கி மறைந்தது. ஒரே கல்லின் ஒரு பாதி நைஸ், மறு பாதி சார்னோகைட்.

இதையெல்லாம் பார்த்துவந்த மாணவி ஒருத்தி, உருமாறிய பாறையும் உருகினால் மீண்டும் தீப்பாறையாகும், தேய்ந்து படிந்தால் படிவுப்பாறையாகும் என்று தேர்வில் எழுதினாள். விடைக்குறிப்பில் இல்லை என்று மதிப்பெண்ணைக் குறைத்தார்கள். நான் எழுதிய முறையீட்டுக்கு இன்றுவரை பதில் இல்லை. சமையல் மேடைக்கு விற்கும் கல்லையெல்லாம் கிரானைட் என்று கடைக்காரர் சொல்வதை நான் பொறுத்துக்கொள்வேன். பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் பக்கத்திலும் அதே பிழை வந்தால் எப்படிப் பொறுப்பது?

அடுத்த இணைப்பிதழில், அதே பக்கத்தில், இரண்டு வரித் திருத்தம் வெளியிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்,
பல்லாவரம்.