டெவன்போர்ட் தளத்துக்குள் கிடக்கும் ஒரு கடற்கரை

அன்புள்ள தம்பிக்கு,

பிளைமவுத்தில் அறை கிடைத்துவிட்டது, ஜன்னலைத் திறந்தால் டெவன்போர்ட் கப்பல்தளம் தெரிகிறது என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததும் எனக்கு ஹால்சாண்ட்ஸ் ஞாபகம்தான் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ அங்கே போய்வர வேண்டும்.

இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்தின் தெற்குக் கரையில், ஸ்டார்ட் முனைக்குச் சற்று வடக்கே, பாறைக்கும் கடலுக்கும் நடுவே ஒண்டிக்கிடந்த மீனவக் கிராமம் அது. 1891 கணக்கெடுப்பில் 37 வீடுகள், 159 பேர். நண்டும் மீனும்தான் பிழைப்பு. வீடுகளுக்கு முன்னால் குவிந்திருந்த கூழாங்கல் மேட்டில்தான் படகுகளை இழுத்துப் போடுவார்கள். அலையைத் தடுத்த மதிலும் அந்த மேடுதான்.

1890களில் பிரிட்டிஷ் கடற்படை தன் டெவன்போர்ட் கப்பல்தளத்தைப் பக்கத்திலிருந்த கீயம் பகுதியில் விரிவாக்கியது. கான்கிரீட் போடக் கல்லும் மணலும் வேண்டுமே! அந்த வேலையை ஒப்பந்தம் எடுத்திருந்த சர் ஜான் ஜாக்சனின் நிறுவனம் 1897 ஏப்ரலில் ஹால்சாண்ட்ஸுக்கு எதிரே கடலடியைத் தோண்ட ஆரம்பித்தது. ஒரே நாளில் 1,600 டன் வரைகூட அள்ளினார்கள். எடுத்ததைக் கடலே திரும்பக் கொண்டுவந்து நிரப்பும் என்பது அதிகாரிகளின் நம்பிக்கை. ஆனால் அவை பனியுகக் காலத்தின் மிச்சமான கற்கள். புதிதாக வந்து சேர வழியில்லை. ஈரமணலில் குழி பறித்தால் ஓரம் சரிந்து உள்ளே விழுமல்லவா, அப்படித்தான் கரை மேடு கடலடிக் குழிகளுக்குள் இறங்கியது. முதலில் கண்டுகொண்டவர்கள் மீனவர்கள். கரை இறங்குவதைத் தினமும் பார்த்தவர்கள் முறையிட்டுக்கொண்டே இருந்தார்கள். 1902 ஜனவரியில் தோண்டுவதற்கான உரிமம் ரத்தானது. அதற்குள் ஏறத்தாழ 6,50,000 டன் போய்விட்டது. இதை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது.

1917 ஜனவரி 26 இரவு கொண்டல் காற்றும் உயர் ஓதமும் சேர்ந்து வந்தன. அலைகள் கூரைகளின் மேல் விழுந்தன. நல்லவேளை, ஓர் உயிரும் போகவில்லை. ஆனால் புயல் ஓய்ந்தபோது குடியிருக்கத் தகுந்ததாக மிஞ்சியது ஒரே ஒரு வீடு. அதில் எலிசபெத் பிரெட்டிஜான் என்ற மீனவப் பெண் 1964இல் கண்மூடும் வரை வாழ்ந்தார். எல்லோரும் போன பிறகும் அவர் அந்தக் கடலைப் பார்த்தபடியே இருந்தார்.

ஸ்டார்ட் முனையிலிருந்து கரையோரப் பாதையிலேயே நடந்து போ. பாறையோடு ஒட்டிய இடிந்த சுவர்கள் மேலிருந்தே தெரியும். கொஞ்ச நேரம் நின்று பார். திரும்பும்போது ஞாபகத்துக்கென்று அந்தக் கரையிலிருந்து ஒரு கல்லையும் எடுத்து வராதே.

அன்புடன்,
அண்ணன்