அமல உற்பவத் திருநாளை முன்னிட்டு மறைக்கல்வி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழகப் பங்குகளில் மறைக்கல்வி கற்பிக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கு வணக்கம்.

டிசம்பர் 8 அன்று நாம் கொண்டாடும் அமல உற்பவம் யாருடைய உற்பவம் என்று கேட்டால், உறுதிபூசுதல் பெற்ற இளைஞர்கள் பலர்கூட, மரியா கன்னியாக இயேசுவைக் கருத்தாங்கியதே என்கிறார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. பழைய விசுவாசப் பிரமாணத்தில் 'கர்ப்பமாய் உற்பவித்து' என்று நாம் சொல்லி வந்தது இயேசுவைப் பற்றியே. அன்றைய திருப்பலியில் வாசிக்கப்படுவதும் கபிரியேல் தூதர் மரியாவுக்கு மங்கள வார்த்தை சொன்ன நற்செய்தியே. போதாக்குறைக்கு, 'அமல' என்றால் மலம் அற்ற என்று பொருள்; மாசு என்னும் பொருளில் சைவ சித்தாந்தம் வழங்கும் அந்த 'மலம்' என்ற சொல்லும் இன்றைய பிள்ளைகளுக்கு வேறு பொருளையே தருகிறது.

மரியா தம் தாய் அன்னாவின் வயிற்றில் கருவான முதல் நொடியிலேயே ஜென்மப் பாவம், அதாவது மனிதர் பிறவியிலேயே கொண்டுவரும் பாவம், அணுகாதபடி காக்கப்பட்டார் என்பதே விழாவின் பொருள். நாட்காட்டியே இதற்குச் சான்று: இயேசு கருவானதை நினைவுகூரும் மார்ச் 25 முதல் ஒன்பது மாதம் எண்ணினால் கிறிஸ்து பிறப்பு, டிசம்பர் 8 முதல் எண்ணினால் செப்டம்பர் 8, வேளாங்கண்ணிக்கு நம் மக்கள் கால்நடையாகச் சென்று கொண்டாடும் மரியாவின் பிறந்தநாள்.

நாம் நின்று விளக்க வேண்டிய இடம் இதற்கு அடுத்தது. பாவமே தீண்டாதவருக்கு மீட்பர் எதற்கு என்ற கேள்வி இடைக்காலத்தின் பெரும் இறையியலாளரான புனித தாமஸ் அக்குவினாஸையே தயங்க வைத்தது. விழுந்தவரைத் தூக்கிவிடுவதைவிட விழாமலே காப்பது நிறைவான மீட்பு என்ற வழியில் அதற்கு விடை கண்டவர் அவருக்குப் பின் வந்த இறையியலாளர் டன்ஸ் ஸ்கோட்டஸ். 1854 இல் திருத்தந்தை ஒன்பதாம் பயஸ் இதை விசுவாசக் கோட்பாடாக அறிவித்தபோதும், இவ்வருள் மரியாவின் சொந்தத் தகுதியால் அல்ல, மனுக்குலத்தின் மீட்பராகிய இயேசு கிறிஸ்துவின் பேறுபலன்களை முன்னிட்டே அருளப்பட்டது என்றார். தம் பாடலில் கடவுளை 'என் மீட்பர்' என்று மரியாவே அழைக்கிறார். இதை விட்டுவிட்டு அன்னையின் தூய்மையை மட்டும் புகழ்ந்தால், மீட்பே தேவைப்படாத ஒருவராக அவரைப் பிள்ளைகள் எண்ணிவிடுவார்கள். அது திருச்சபையின் விசுவாசம் அன்று.

ஆகவே, திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு வகுப்பை இதற்கென ஒதுக்குமாறு வேண்டுகிறேன். மாதங்களைப் பிள்ளைகளே விரல்விட்டு எண்ணட்டும். பிறகு மரியாவின் பாடலை அவர்களையே வாசிக்கச் சொல்லி, 'மீட்பர்' என்ற சொல்லில் நிறுத்துங்கள்.

இறையன்புடன்,
உங்களைப் போல் ஒரு மறைக்கல்வி ஆசிரியர்