டபுள்ஸ் ஆடப்போகும் மகனுக்கு

அன்புள்ள கண்ணா,

நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை அப்பாவும் நானும் கேட்டோம். உன் அமெரிக்கக் கல்லூரி டென்னிஸ் அணியில் சிங்கிள்ஸ் ஆடும் ஆறு பேரில் உன் பெயர் இல்லை, மூன்றாவது டபுள்ஸ் ஜோடியில்தான் போட்டிருக்கிறார்கள் என்று சொல்லும்போது உன் குரலே இறங்கிப்போயிருந்தது. போனில் பேச ஆரம்பித்தால் "சரிம்மா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். கோச் எடுத்த முடிவைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. டபுள்ஸைத் தண்டனை மாதிரி நீ எடுத்துக்கொண்டதுதான் எனக்கு உறுத்துகிறது.

2017 ஜனவரியில் நுங்கம்பாக்கம் ஸ்டேடியத்தில் சென்னை ஓப்பன் டபுள்ஸ் ஃபைனல் பார்த்தோமே, நினைவிருக்கிறதா? நெட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நம் நாட்டுக்காரர்கள்தான். ரோஹன் போபண்ணாவும் நம்ம ஊர் ஜீவன் நெடுஞ்செழியனும் ஒரு ஜோடி, பூரவ் ராஜாவும் திவிஜ் சரணும் எதிர் ஜோடி. 6-3, 6-4 என்று போபண்ணா ஜோடி ஜெயித்தது. ஆண்களின் உலக டென்னிஸ் சுற்றான ஏடிபியில் ஜீவனுக்கு அதுதான் முதல் பட்டம். அடுத்த வருஷமே அந்தப் போட்டியைப் புனேவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அந்த ஆதங்கம் எனக்கு இன்னும் தீரவில்லை.

அன்றைக்கு நீ பந்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். நான் ஜீவனின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போபண்ணா சர்வ் போடத் தயாராகும்போது ஜீவன் நெட்டுக்குப் பக்கத்தில் குனிந்து நின்று, எதிராளிக்குத் தெரியாமல் இடுப்புக்குப் பின்னால் கையை வைத்து விரலால் ஏதோ காட்டுவார். பந்து எங்கே விழ வேண்டும், தான் குறுக்கே பாயப்போகிறேனா, அங்கேயே நிற்கப்போகிறேனா என்பதெல்லாம் அந்த விரல்களில் இருக்கும். சர்வ் விழும், ரிட்டர்ன் வரும், ஜீவன் பாய்ந்து பந்தை வெட்டுவார். அதற்குள் அவர் விட்டுவந்த பக்கத்துக்குப் போபண்ணா ஓடியிருப்பார். கைதட்டல் பந்தை முடித்தவருக்குப் போகும். ஆனால் சர்வ் இரண்டடி தள்ளி விழுந்திருந்தால் அந்தப் பாய்ச்சலுக்கே வழியிருந்திருக்காது. இதைச் சிங்கிள்ஸில் நீ எங்கே பார்ப்பாய்?

சிங்கிள்ஸுக்கு 27 அடி அகலக் கோர்ட், டபுள்ஸுக்கு 36 அடி. ஆளுக்கு 18 அடிதானே, சுலபம் என்று தோன்றும். ஆனால் எதிரே நெட்டில் ஒருவன் காத்துக்கொண்டு நிற்கிறானே. நீ கோர்ட்டின் கடைசிக் கோடான பேஸ்லைனில் நின்று, பந்தை முன்பக்கமாகச் சுழலவைத்து நெட்டுக்கு மேலே நன்றாக உயர்த்தி டாப் ஸ்பின் அடிப்பாயே, அதை டபுள்ஸில் அடித்தால் அவன் தோள் உயரத்தில் எடுத்து உன் பார்ட்னரின் காலடியிலேயே குத்திவிடுவான். ரிட்டர்ன் தாழ்வாகப் போக வேண்டும், சர்வ் போட்டுவிட்டு முன்னே ஓடிவருகிறவனின் கால் பக்கம் இறங்க வேண்டும். உன் ரிட்டர்ன் நல்ல ரிட்டர்ன்தான், கொஞ்சம் உயரம், அவ்வளவுதான். இந்த சீசன் முழுக்க அதை மட்டும் சரிசெய்தாலே நாளைக்குச் சிங்கிள்ஸுக்கும் உதவும்.

உங்கள் கல்லூரி ஆட்டத்தில் மொத்தம் ஏழு பாயிண்ட், அதில் டபுள்ஸுக்கு ஒன்றே ஒன்று என்று அலுத்துக்கொண்டாய். மூன்று ஜோடிகள் ஆளுக்கு ஒரு செட் ஆடி, இரண்டில் ஜெயிக்கிற அணிக்குத்தானே அந்த ஒன்று? முதல் இரண்டு ஜோடிகளும் ஜெயித்தது ஒன்று, தோற்றது ஒன்று என்று நின்றால் எல்லாக் கண்ணும் உங்கள் கோர்ட்டில்தான் இருக்கும். 40-40 என்று டியூஸ் வந்தால், தொடர்ந்து இரண்டு பாயிண்ட் எடுக்க வேண்டிய அட்வான்டேஜும் கிடையாது, ஒரே பாயிண்டில் கேம் முடிந்துவிடும். ஆட்டம் 4-3 என்று முடிகிற நாளில் அந்த ஒரு பாயிண்ட் எவ்வளவு பெரியது என்று உனக்கே தெரியும்.

காசும் பேரும் சிங்கிள்ஸில்தான் என்று நீ சொல்வதை நான் மறுக்கவில்லை. சிங்கிள்ஸ் முடிந்ததும் பாதிக் கூட்டம் எழுந்து போய்விடும். அது எனக்கு வயிற்றெரிச்சல். திறமை குறைந்தவர்கள் ஒதுங்குகிற இடம் டபுள்ஸ் என்று மட்டும் சொல்லாதே. 2025 யுஎஸ் ஓப்பனில் ஆணும் பெண்ணும் ஜோடியாக ஆடும் மிக்ஸ்டு டபுள்ஸை மாற்றியமைத்துப் பெரிய பெரிய சிங்கிள்ஸ் நட்சத்திரங்களை இறக்கினார்களே, கடைசியில் கோப்பை யார் கைக்குப் போனது? அப்போது டபுள்ஸையே முக்கியமாக ஆடிக்கொண்டிருந்த இத்தாலியின் சாரா எர்ரானி, ஆண்ட்ரியா வவாசோரி கைக்கு. ஃபைனலில் அவர்களிடம் தோற்றது சிங்கிள்ஸ் நட்சத்திரங்களான இகா ஸ்வியாடெக்கும் காஸ்பர் ரூடும்!

அதே வவாசோரியும் சிமோனே பொலேல்லியும்தான் 2024 ஆஸ்திரேலிய ஓப்பன் ஆண்கள் டபுள்ஸ் ஃபைனலில் போபண்ணாவுக்கும் மேத்யூ எப்டனுக்கும் எதிரே நின்றவர்கள். முதல் செட் 6-6 என்று சமமாகி வந்த டை பிரேக்கில் அவர்களுக்கு ஒரு பாயிண்ட்கூடக் கிடைக்கவில்லை. 7-6, 7-5 என்று முடிந்தது. போபண்ணாவுக்கு அப்போது 43 வயது. 2010 யுஎஸ் ஓப்பன் ஃபைனலில் பாகிஸ்தானின் ஐசாம் குரேஷியோடு சேர்ந்து அமெரிக்காவின் பிரையன் சகோதரர்களிடம் இரண்டு செட்டையும் டை பிரேக்கில் விட்டவர். 2023இல் எப்டனோடு அதே ஃபைனலுக்குப் போய் மறுபடியும் தோற்றவர். முழங்கால் குருத்தெலும்பு தேய்ந்துபோய், ஐயங்கார் யோகா செய்து செய்து காலை ஓட வைத்தவர். அந்தக் கோப்பையை அவர் தூக்கியபோது அப்பா ஹாலில் எழுந்து நின்று கைதட்டினார்.

ஜீவனும் உன்னைப் போல அமெரிக்கக் கல்லூரியில் ஆடியவர்தான், வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்கு. 2017க்குப் பிறகு அடுத்த ஏடிபி பட்டம் அவருக்கு 2024 செப்டம்பரில்தான் வந்தது, சீனாவின் ஹாங்ஜோவில். கூட ஆடியவர் விஜய் சுந்தர் பிரசாந்த், அவரும் நம்ம ஊர்தான். முதல் செட்டை 4-6 என்று விட்டு, இரண்டாவதை டை பிரேக்கில் பிடித்து, மூன்றாவது செட்டுக்குப் பதிலாக ஆடும் பத்துப் பாயிண்ட் டை பிரேக்கை 10-7 என்று ஜெயித்தார்கள். நடுவில் ஏழு வருஷத்துக்கு மேல் ஓடிப்போயிருந்தது, கண்ணா. அத்தனை வருஷமும் அவர் ராக்கெட்டைக் கீழே வைக்கவில்லை.

உன் பார்ட்னர், அந்த செர்பியா பையன், பேசவே மாட்டேன் என்கிறான் என்று வேறு சொன்னாய். நீயே போய்ப் பேசு. நம் நாட்டு லியாண்டர் பயஸும் மகேஷ் பூபதியும் 1999இல் கிராண்ட்ஸ்லாம் என்கிற நான்கு பெரிய போட்டிகளின் ஃபைனலுக்கும் போனார்கள், பிரெஞ்சு ஓப்பனையும் விம்பிள்டனையும் ஜெயித்தார்கள். அப்புறம் அவர்களுக்குள் வந்த மனஸ்தாபம் ஊருக்கே தெரியும். அப்படிப்பட்டவர்களே 2011இல் மறுபடி சேர்ந்து நுங்கம்பாக்கத்தில் கோப்பை வாங்கி, அதே மாதம் ஆஸ்திரேலிய ஓப்பன் ஃபைனல் வரை போனார்கள். உங்களுக்குள் சண்டைகூட இல்லை, கூச்சம்தான். ஒவ்வொரு பாயிண்ட் முடிந்ததும் அவனிடம் போய்க் கையைத் தட்டு, முக்கியமாக அவன் இரண்டு சர்வையும் தவறவிட்டு டபுள் ஃபால்ட் போட்ட பிறகு. அந்த நேரத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்கிற பழக்கம் உனக்கு உண்டு, விட்டுவிடு. இருவருக்கும் நடுவில் வருகிற பந்தை யார் எடுப்பது என்பதை மேட்ச் தொடங்கும் முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள். சைகைகளை ரூமிலேயே பழகுங்கள். ஒரு நாள் அவனைச் சாப்பிடக் கூப்பிடு. ரசம் வைக்கத் தெரியும்தானே, காரத்தை மட்டும் குறைத்து வை.

அப்பா உன் ராக்கெட்டுக்கு ஸ்ட்ரிங் டென்ஷனை ஒரு பவுண்டு குறைத்துப் பார்க்கச் சொல்கிறார். தரையில் விழும் முன்பே அடிக்கிற வாலி ஷாட்டுக்குப் பந்து இன்னும் நன்றாகப் பிடிபடுமாம். அது உங்கள் இருவருக்குமான விஷயம், நான் தலையிடவில்லை.

சனிக்கிழமை மேட்ச் லைவாக வருமென்றால் லிங்கை வெள்ளிக்கிழமையே அனுப்பிவிடு. மூன்றாவது கோர்ட்டுக்குத் தனி கேமரா இருக்கிறதா என்றும் கேட்டுச் சொல். இங்கே நடு ராத்திரி ஆனாலும் பரவாயில்லை, நாங்கள் விழித்திருப்போம்.

அன்புடன்,
அம்மா